ஆச்சியின் ஆச்சி

எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பர்னாந்து, மோத்தா, ரோச், மச்சாது, மிராந்தா, விக்டோரியா! வெளியூரிலிருந்து புதிதாக வந்த சிஸ்டர் ஒருவர் முதல்நாள் அதை வாசித்துவிட்டு, “நான் வந்திருப்பது தூத்துக்குடியா, லிஸ்பனா?” என்று கேட்டார். சிரித்தோம். உள்ளூர ஒரு பெருமை எழுந்ததை மறைப்பானேன்? நாங்கள் என்றால் அக்காள் தங்கை இருவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு, இளையவள் எட்டாம் வகுப்பு. எங்கள் பெயருக்குப் பின்னாலும் பர்னாந்து உண்டு. போதாக்குறைக்கு இளையவளின் கண்கள் தேன் நிறம். ஆகவே எங்கள் உடம்பில் போர்த்துக்கீசிய இரத்தம் ஓடுகிறது என்று வெகுநாள் நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கையைத்தான் ஓர் ஆவணப்படமாக எடுக்கப் புறப்பட்டோம். சென்ற அரையாண்டு விடுமுறை. அப்பாவின் பழைய கைபேசி. அதை நிறுத்திவைக்க, சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய மூன்றுகால் தாங்கி. முதல் காட்சி பனிமய மாதா பேராலயத்தின் முன்னால். அங்கே எங்கள் வரலாற்று ஆசிரியையைப் பேசவைத்தோம். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றும், புனித சவேரியார் இக்கரைக்கு வந்த 1542 அதற்குப் பிந்தியது என்றும் அவர் விளக்கினார். ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரே பலருக்கும் குடும்பப் பெயராயிற்றாம். “சில வீடுகளில் கலப்பும் இருந்திருக்கலாம். பெயரை வைத்து மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது” என்றார்.

எங்கள் படம் மூன்றாம் நிமிடத்திலேயே கவிழ்ந்தது!

முகம் வாடி வீடு திரும்பிய எங்களை ஆச்சி பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். (சாவி, அலமாரி இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள். அந்த மட்டுக்கும் அவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.) சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட கவுன் அணிந்து, கொண்டை போட்ட ஒரு பெண். பின்புறம் மங்கிய மையில் ‘கொழும்பு, 1913’.

“யாரு ஆச்சி இது?”

“எங்க அப்பாவைப் பெத்தவ. எங்க ஆச்சி.”

இலங்கையில் பர்கர் என்றோர் இனத்தார் உண்டு. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அந்நாட்டுப் பெண்களை மணந்த வழியில் வந்தவர்கள். ஆச்சியின் தாத்தா கொழும்பில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதச் சென்றவர். அங்கே ஒரு பர்கர் பெண்ணை மணந்து கப்பலேற்றிக் கூட்டிவந்துவிட்டார். அந்நாளில் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறுவார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறிவிட்டது. மயிரிழையில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவர் என்று சொல்லலாம்.

அவர் பெயரைக் கேட்டோம். ஆச்சி நெடுநேரம் யோசித்தார்.

“துரைசானின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாக. எனக்குப் பத்து வயசுல செத்துப்போனா. பேரு தெரியலையே மக்கா.”

எங்களுக்குச் சினம் வந்தது. ஞானத்தகப்பனிடம் பெற்ற பெயர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. பெற்றவளின் பெயர் நான்கு தலைமுறைக்குள் காணாமற்போய்விட்டது! சட்டத்தையும் புரட்டிப் பார்த்தோம். நம் அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவு, ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும்போது தந்தை வழியைத்தான் குறிப்பிடுகிறது. பர்கர் என்ற பெயரும் தந்தை வழியில் செல்வதே இலங்கையில் மரபு. எங்களிடம் உள்ள கலப்பு தாய் வழியில் வந்தது. ஆகவே எந்தக் கணக்கிலும் அது இல்லை. கொழும்பில் உறவினரைத் தேடலாமென்றால், 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான பிறகு பர்கர்களில் மிகப் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்களாம்.

இனிச் சொல்லப்போவது எங்கள் தவறு. கவுன் அணிந்து கோவிலுக்குப் போன துரைசானியைத் தெருவில் ‘சட்டைக்காரி’ என்பார்களாம். அதைச் சொன்னதும் ஆச்சியின் குரல் மாறியது. “இதெல்லாம் எடுக்காதளா, அணைச்சுப் போடு” என்றார். கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தோம். அணைக்கவில்லை. முதலில் மறதிதான், பிறகு, அது ஓடுவது தெரிந்தும் கை போகவில்லை. அந்தச் சொல்லினால் இவ்வீட்டுப் பெண் ஒருத்திக்கு என்ன நேர்ந்தது என்று ஆச்சி பதினொரு நிமிடம் பேசினார். திரை முழுக்க இருட்டு, குரல் மட்டும். படத்திலேயே சிறந்த பகுதி அதுதான்.

இரண்டு நாள் எங்களுக்குள் சண்டை. “ஆச்சிக்குத் தெரியவா போகிறது?” என்றாள் ஒருத்தி. யார் என்று எழுதப்போவதில்லை. மூன்றாம் நாள் இரவு, செபமாலை முடிந்ததும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஆச்சியின் கையில் கைபேசியைக் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருட்டுத் திரையைப் பார்த்தபடியே பதினொரு நிமிடமும் கேட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

“அவ பட்டது அவளோட போகட்டும். இதை எடுத்துருங்க” என்றார்.

எடுத்துவிட்டோம். அதனால் அது படத்தில் இல்லை, இங்கும் இல்லை. இக்கட்டுரையை ஆச்சியிடம் முதலில் வாசித்துக் காட்டினோம். ‘சட்டைக்காரி’ என்ற சொல்லை அடிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். “அது கிடக்கட்டும்” என்றார்.

பதினொரு நிமிடம் போன இடத்தில் வேறென்ன வைப்பது? ஆச்சியே வழி சொன்னார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கேக் உண்டு: ரவை, முந்திரி, பன்னீர், முட்டையின் மஞ்சட்கரு, பாகில் ஊறிய தடியங்காய். கொழும்பில் அதற்கு லவ் கேக் என்று பெயர். ஊரே மக்ரூனுக்கு வெள்ளைக்கருவை அடிக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் மஞ்சட்கரு செலவாகும்! துரைசானி மருமகளுக்குக் கற்றுத்தந்தது, மருமகள் ஆச்சிக்கு. அதைச் செய்முறையோடு படம் எடுப்பதென்று முடிவாயிற்று. தாங்கியை அடுப்படியில் நிறுத்தி, வெளிச்சம் போதுமா என்று கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“தடியங்காய் இன்னும் சீவலை. அதை அங்கன வச்சிட்டு ஆளுக்கொரு கத்தி எடுத்துட்டு வாங்க” என்றார் ஆச்சி.