தரையை மிதித்துக் கூப்பிடுவது

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பில் ஒரு பழைய பித்தளைத் தாம்பாளம் உண்டு. அதில் யாரும் சோறு வைத்துப் பார்த்ததில்லை. அது தட்டுவதற்கென்றே இருந்தது. நாய் குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்து, தள்ளாடி நடக்கத் தொடங்கி, ஓரளவு தேறிய பிறகு ஒருநாள் காலையில் ராஜு தாத்தா அந்தத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போவார். தாயை வாசலில் கட்டச் சொல்லிவிடுவார். சாக்கின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கும் வெள்ளைக் குட்டிகளுக்குப் பின்னால் நின்று, மரக்கரண்டியால் ஒரே அடி. எல்லாம் துள்ளி எழுந்து நாலாபக்கமும் சிதறும். ஒன்று மட்டும் அப்படியே கிடந்து தூங்கும்.

"இதுக்குக் காது இல்ல" என்பார். அவ்வளவுதான்.

எண்பதுகளின் ராஜபாளையம். அய்யனார் கோயிலுக்குப் போகிற சாலையோரம் தோப்புகள், அவற்றுக்குப் பின்னால் மலை. ராஜு தாத்தா வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், நாய்களிடம் இரண்டும். ராஜபாளையம் நாய் என்று இன்று எல்லாரும் சொல்வதை அவர் வெறுமனே 'நம்ம நாய்' என்பார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, மஞ்சள் கண். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அவர் கணக்கில் அது நாய். நெற்றியில் ஒரு காசு அளவு பழுப்பு இருந்தாலும் கழிவு. கழிவென்றால் கொன்றுவிடுவதில்லை, காட்டுக் காவலுக்கென்று கேட்கிற யாருக்காவது கொடுத்துவிடுவார். ஆனால் அந்த இரத்தம் மறுபடி தோப்புக்குள் வராது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் கறார்.

காது கேட்காத குட்டியை அவர் விற்க மாட்டார். "வாங்குறவன் ஏமாந்துபோவான், தம்பி." அப்படித் தங்கிப்போனதுதான் சுண்ணாம்பு. பெயர் நாங்கள் வைத்தது. பெயரால் அதற்கு எந்தப் பயனும் இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. தொண்டை கட்டுமளவு கத்திப் பார்த்தோம். தாத்தாதான் சொல்லிக்கொடுத்தார்: "கத்தாத. தரையை ரெண்டு மிதி மிதி." மிதித்தால் அது தலையைத் தூக்கும். காலடியில் அதிர்வது அதன் வயிற்றுக்குத் தெரியும்.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுத்துக் காயப்போட்டிருப்பார்கள். ஒருநாள் அந்தத் துணிகளுக்கு நடுவே சுண்ணாம்பைத் தொலைத்துவிட்டு மதியம் வரை தேடியிருக்கிறோம். வெள்ளைக்குள் வெள்ளை. கூப்பிடவும் வழியில்லை. மிதித்துக்கொண்டே நடந்தோம்.

ரொம்ப நாள் கழித்து, படிப்பெல்லாம் முடிந்து வேலைக்குப் போன பிறகு, டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலைப் புரட்டினேன். 1859இல் வந்த புத்தகம். கலாபகஸ் தீவு, குருவிகளின் அலகு என்றுதான் தொடங்கும் என எதிர்பார்த்திருந்தேன். முதல் அத்தியாயம் முழுக்க வீட்டு விலங்குகள். புறா, நாய், ஆடு, மாடு. புறா வளர்ப்பதற்கென்றே லண்டனில் இரண்டு மன்றங்களில் சேர்ந்து, வளர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். அந்தப் பக்கங்களில் ஓரிடத்தில் போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது: நீலக் கண் பூனைகளுக்குக் காது கேட்பதில்லை. பிந்தைய பதிப்புகளில், முழு வெள்ளையாக இருந்து நீலக் கண்ணும் உள்ள பூனைகள் என்று அதைத் திருத்தியிருக்கிறார். ஒரு குணத்தைப் பொறுக்கி எடுத்தால், கேட்காத இன்னொன்றும் கூடவே வந்துவிடுகிறது என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் அது. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் தாம்பாளம் அடித்த சத்தம் கேட்டது.

ஏன் அப்படி என்பது டார்வினுக்குத் தெரியாது. இப்போது தெரியும். கரு வளரும்போது நிறம் தரும் செல்கள் முதுகுத்தண்டாகப் போகிற இடத்தின் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. தோலுக்கு, முடிக்கு, மூக்கு நுனிக்கு. அவற்றில் சில உட்காதுக்கும் போகின்றன. அங்கே நிறத்துக்கு என்ன வேலை? நிறத்துக்கு வேலையில்லை, அந்தச் செல்லுக்கு இருக்கிறது. நத்தை ஓடுபோலச் சுருண்ட காதறைக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. அது போய்ச் சேரவில்லை என்றால், ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களுக்குள் மடிந்துவிடும். டால்மேஷன் நாய்களுக்கும் இதே தொல்லை உண்டு. தாத்தா மூக்கைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். கண்ணுக்குத் தெரியாத காதும் அதே கையால் பொறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அவரைக் குறை சொல்கிறேனா? இல்லை. ஓநாயிலிருந்து நாய் பிரிந்து குறைந்தது 14,000 ஆண்டுகள். அவ்வளவு காலமும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு சாக்கின்மேல் குனிந்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பார். தாத்தா அந்த வரிசையில் ஒருவர். விற்க மறுத்தவர் என்ற அளவில் மற்ற பலரைவிட மேல்.

தோப்பில் இன்னொரு ரோஜா மூக்கும் உண்டு. அதை யாரும் பொறுக்கவில்லை. சப்பட்டை மாங்காய் திரளும் மாதங்களில் மலையிலிருந்து இறங்கி வரும் நரை அணில். வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப்போலப் பல மடங்கு பெரிது. உடம்பு நீளத்துக்கு வாலும் நீளம். சாம்பல் முடியின் நுனியெல்லாம் வெளுத்து, வயசாளி தலைபோல இருக்கும். முதுகில் கோடு கிடையாது. என் அப்பத்தா அதைக் கண்டாலே, "போ, போ, ராமருக்கு ஒத்தாசை பண்ணாத கழுத" என்று விரட்டுவாள். பாலம் கட்ட மண் சுமந்த அணிலுக்குத்தானே ராமர் மூன்று கோடு போட்டார்.

அப்பத்தாவுக்குத் தெரியாதது, அந்தச் சோம்பேறி அணில்தான் கடலின் இரண்டு கரையிலும் இருக்கிறது என்பது. 1769இல் இயற்கையியலாளர் பென்னன்ட் அதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தது இலங்கையிலிருந்து கிடைத்த அணிலைப் பார்த்துத்தான். தென்னிந்தியாவில் மேற்கு மலைத்தொடரின் இந்தப் பக்கமும் காவிரிக் கரையின் சில இடங்களும், அந்தப் பக்கம் இலங்கை. உலகில் வேறெங்கும் இல்லை. மரத்தை விட்டு இறங்கவே தயங்குகிற பிராணி எப்படிக் கடல் தாண்டியது? தாண்டவில்லை. பனியுகங்களில் கடல் வற்றிப் பின்வாங்கியது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. பாக் நீரிணையோ பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். அதற்கும் முன்னால் பலமுறை அங்கே தரையும் காடுமாக இருந்திருக்கிறது. மண் சுமக்காதது கிளை கிளையாகப் போய்விட்டது.

1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டை இந்த அணிலுக்கென்றே சரணாலயம் ஆக்கினார்கள். 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று பெயர் மாறியது. புலி வந்தால் அணில் பெயர்ப்பலகையில் கீழே இறங்கிவிடும், அது உலக வழக்கம். சிவகாசி அய்யநாடார் ஜானகியம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து, பிறகு பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் அலைந்து ஆராய்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் இந்த மலைகளை நன்றாக அறிந்தவர். எனக்குப் பள்ளியில் அப்படி ஒரு ஆசிரியர் வாய்க்கவில்லை. எங்கள் விலங்கியல் வாத்தியார் பரிணாமப் பாடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மச்ச, கூர்ம, வராகம்னு பெருமாள் எப்பவோ காட்டிட்டார்டா. இதுல வர்றது ரெண்டு மார்க்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் வகுப்பு ஜன்னலில் தெரியும். அவர் சொன்னது பொருத்தமாகத்தான் பட்டது. ஆனால் அவதாரம் யாரோ கூப்பிட்டதற்கு வருவது. ஆனைக்கோ பூமிக்கோ ஒரு கஷ்டம், உடனே ஓர் உருவம். நரை அணிலை யாரும் கூப்பிடவில்லை. அது மீனுக்கு மேலான படியும் இல்லை, நமக்குக் கீழான படியும் இல்லை. பக்கத்துக் கிளை.

மனிதக் கிளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் உசிலம்பட்டி வராமல் போகாது. எங்கள் ஊரிலிருந்து மதுரை போகும் வழிக்குக் கொஞ்சம் மேற்கே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழுவினர் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் இரத்த மாதிரி எடுத்தார்கள். அதில் ஜோதிமாணிக்கம் என்ற ஊர் இளைஞர் ஒருவருக்கு எம்130 என்கிற அடையாளம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் அது என்றார்கள். மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அந்தக் கிராமத்துக்கே வந்து படம் எடுத்தார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் 'முதல் இந்தியர்' என்றாகிவிட்டது.

எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. எம்130 என்பது ஆண்வழி ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு எழுத்துப்பிழை. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. குலசாமி கோயிலில் தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டைப் போல. நோட்டில் அப்பா, தாத்தா, பூட்டன் பெயர் இருக்கும். கட்டிக்கொடுத்த பெண்கள் கணக்கில் இல்லை, கட்டிக்கொண்டு வந்த பாட்டிகளின் ஊர் தெரியாது. அந்த நோட்டை வைத்துக் குடும்பத்தின் ஒரு நூலைப் பிடிக்கலாம், குடும்பத்தையே பிடித்துவிட முடியாது. அதே எம்130ன் கிளைகள் மங்கோலியாவிலும் ஏராளம். ஜோதிமாணிக்கத்துக்காரர் பழையவர் என்றால், அவரிடம் இரத்தம் எடுத்தவரும் அதே அளவு பழையவர்.

ஆனால் அந்த எழுத்துப்பிழையில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அது எதையும் செய்யாது. மூக்கைச் சிவக்க வைக்காது, காதைக் கெடுக்காது. தாம்பாளம் தட்டிப் பார்த்து யாரும் அதை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருந்தது.

2005இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. தோப்பில் அதற்குள் பாதி மரங்கள் போய் மனைகள் வந்துவிட்டன. தாத்தாவும் இல்லை. தாம்பாளம் யாரிடம் போனதோ. சுண்ணாம்பு எப்படிப் போனது என்பதை எழுத மனம் வரவில்லை. சாலையில் வந்த லாரி ஹாரன் அடித்ததாகத்தான் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

போன மாசி மாதம் செண்பகத்தோப்பு போய்விட்டுத் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிநேகிதர் வீட்டில் நின்றேன். பால்கோவா வாங்கப் போயிருந்தார். திண்ணையில் ஒரு வெள்ளை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல உயரம். ரோஜா மூக்கின் ஓரத்தில் எள்ளளவு கறுப்பு. தாத்தாவாக இருந்தால் கழித்திருப்பார். கால் தன்னால் தரையை இரண்டு மிதி மிதித்தது.

வீட்டுக்குள்ளிருந்து சிநேகிதரின் பேத்தி எட்டிப் பார்த்தாள். "ஏன் தாத்தா குதிக்கிறீங்க? பேர் சொன்னா வரும்."

அவள் மெதுவாகத்தான் கூப்பிட்டாள். கண் திறப்பதற்கு முன்பே அதன் காது அவள் பக்கம் திரும்பியது.