நல்ல தண்ணி

கிணறு இருக்கிறது என்று மச்சான் தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. வலிகாமம் வடக்கில் எங்கள் ஊர் 1990 ஆனியில் முழுதாக இடம்பெயர்ந்தது. அதற்கு முந்திய வருடமே நான் கனடாவுக்குப் போய்விட்டேன். காணிகள் இராணுவத்திடமிருந்து கட்டம் கட்டமாகத்தான் விடுபட்டன. 35 வருடங்கள் கழித்து இந்த மாசியில் போய் நின்றபோது வேலியும் தெரியவில்லை, வீட்டின் அத்திவாரமும் தெரியவில்லை. செம்பாட்டு மண் முழுக்கப் பற்றை. மச்சான் கத்தியால் வழி வெட்டிக்கொண்டு முன்னே போனான்.

கிணறு இருந்தது. துலா இல்லை. ஆடுகாலாக நட்ட பூவரசு மட்டும் வேர்விட்டு, தழைத்து, கிணற்றை நிழலால் மூடி நின்றது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு அந்த 40 அடியும் ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு.

அப்பு இந்தக் கணக்கைப் படித்தவரல்ல. ஆனால் துலாவில் ஒருவர் ஏறி நடக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்குத் தண்ணி மாற, மூன்று பேர் விடியற்காலையிலிருந்து முறிந்தாலும் கிணறு ஊறுகிற அளவைத் தாண்டி இறைக்க முடியாது. உடம்பு களைத்ததும் இறைப்பு நின்றுவிடும். எங்கள் காணி உறுதியில் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கிறது. பங்குக்கு வந்த முறை தவறி யாரும் இறைத்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே கிணற்றுக் கட்டில் சாதியின் பெயரால் கால் வைக்க விடப்படாத பெண்கள் படலைக்கு வெளியே குடத்தோடு நின்றார்கள், யாராவது அள்ளி ஊற்றும்வரை. நிலத்தின் கீழே ஒரே தண்ணீர்தான். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது இன்றும் என்னை வதைக்கிறது.

பிறகு மெசின் வந்தது. 1970க்குப் பிறகு அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இறுக்கியதும் விலை ஏறியது. நாளெல்லாம் மிதித்து இறைத்ததை மெசின் ஒரு மணித்தியாலத்தில் இறைத்துத் தள்ளியது. உரம் மூட்டை மூட்டையாக மண்ணுக்குள் போனது. அந்தக் காசில்தான் எங்கள் கல்வீடு எழும்பியது, அக்காவின் சீதனம் சேர்ந்தது. என்னைக் கனடாவுக்கு அனுப்பிய காசும் அந்தக் கிணற்றிலிருந்து வந்ததுதான். இன்றைக்குக் குடாநாட்டில் தோட்டக் கிணறுகள் பலவற்றில் குடிக்கக்கூடிய அளவை மிஞ்சி நைத்திரேற்று இருக்கிறது. கரையோரங்களில் உவர் ஏறியிருக்கிறது. நான் போன வழிக்கு ஊர்த் தண்ணீரும் விலை கொடுத்திருக்கிறது.

மச்சான் வாளியைக் கட்டி இறக்கினான். “மெல்ல விடு, அடித்தண்ணி கலங்கப்போகுது” என்று என்னை அறியாமல் என் வாய் சொன்னது. அப்பு சொல்கிற மாதிரியே. மேலே மிதந்த பூவரசம் சருகுகளை விலக்கிவிட்டு ஒரு மடக்கு வாயில் விட்டேன். இலை ஊறிய மணம். ஆனால் உப்பு இல்லை. இத்தனை வருடம் யாரும் இறைக்காத தண்ணி.

“ஒரு மெசின் வாங்கித் தந்தியெண்டா ஆயிரம் மிளகாய்க் கண்டு வைப்பன்” என்றான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். மற்றப் பங்குக்காரர் யாரும் ஊரில் இல்லை. ரெண்டு காணி தள்ளி மெசின் வைத்த கிணறு போன ஆவணியில் கரித்துவிட்டது என்றும் அவன்தான் சொன்னான்.

“இந்த ஆவணி மட்டும் வாளியாலை அள்ளிப் பார். தண்ணி எவ்வளவுக்கு நிக்குதெண்டு எனக்குச் சொல்லு” என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. கயிற்றின் ஈரப்பட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு அளவு வைத்துவிட்டு, வாளியைக் கட்டில் கவிழ்த்தான்.