ஏழு கட்டம்

குண்டசாலைப் பக்கம் ஒரு கார் சேல். பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழுந்து வந்த பையன் காரைச் சுற்றிப் பார்க்கவேயில்லை. டயரைத் தட்டவில்லை, பொனட்டைத் தூக்கச் சொல்லவில்லை. கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டியளவு கறுப்புச் சாமான் ஒன்றைச் செருகிவிட்டுக் கையிலிருந்த போனைப் பார்த்தான். "ஏழுதானுங்களே சார்" என்றான். இழவு வீட்டுக்கு வந்தவன் குரலில்.

பன்னிரண்டில் ஏழு. இந்தக் காரின் டாஷ்போர்டில் வலது ஓரமாக 12 சின்னக் கட்டங்கள் வரும். புதிதில் பெட்டரி எவ்வளவு மின்சாரம் பிடித்ததோ, அதில் இப்போது எவ்வளவு பிடிக்கும் என்பதற்கான கணக்கு அது. சார்ஜ் போட்டால் ஏறி, ஓடினால் இறங்குகிற கோடு பக்கத்தில் வேறாக இருக்கும். கட்டங்களுக்கு இறங்க மட்டும்தான் தெரியும்.

"எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்தா 14 போடலாம் சார். சைனாக் கார் எல்லாம் புதுசா வந்து எறங்கிருச்சே."

"பதினாலா?" என்றாள் மனைவி. கேட்டது அவனை, பார்த்தது என்னை.

2015இல் 23 இலட்சத்துக்கு எடுத்த கார். பத்து வருடம் ஓடிவிட்டு 9 இலட்சம் போனால் உலகத்தில் வேறெங்கும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் இலங்கையில் காரை விற்று நட்டப்பட்டேன் என்று சொல்வது, பொடிமெனிக்கே எக்ஸ்பிரஸில் ஏறிக் கண்டிக்குப் பதிலாக பதுளைக்குப் போய் இறங்கினேன் என்பது மாதிரி. சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பித்த ஒருவர் சின்ன அல்டோ ஒன்றை வாங்கி ஒன்பது வருடம் ஓட்டினார். பிள்ளைகளைக் கண்டிக்கு டியூஷனுக்கு ஏற்றி இறக்கினார், ஒருமுறை மதகில் இடித்தார், பிறகு வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்கு விற்றார். கணக்கு வாத்தியார் என்றால் அவர்தான் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு.

இதில் அவர் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. 2014இல் டொலர் 130 ரூபா சொச்சம். 2022 மார்ச்சில் ரூபாவைக் கைவிட்ட பிறகு இரண்டே மாதத்தில் 360. இடையில் 2020இல் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் காருக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்கும் முன்னால் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் வரி. நேற்று வந்த கார் கட்டிய வரியை விட நாளை வரப்போகிற கார் கூடக் கட்டும் என்றால், நேற்று வந்தது தானாகவே விலை ஏறும். அல்டோ கிழடாகிக்கொண்டுதான் இருந்தது. ரூபா அதைவிட வேகமாகக் கிழடாகியது, அவ்வளவுதான்.

அந்தப் பையன் போனில் எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இன்னொரு ஆள் ஞாபகம் வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கக்கத்தில் நீளக் கொப்பி.

பழைய தெல்தெனியவில் அப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. பலகைக் கதவு. காலையில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, பின்னால் எழுதியிருக்கும் நம்பர் வரிசையில் சுவரோரம் சாத்துவது என் வேலை. பக்கத்துக் கடை முஸ்லிம் ஐயாவுடையது, அடுத்தது சிங்களவர் பேக்கரி. மூன்றுக்கும் பின்னால் பொதுக் கிணறு. எதிரே பஸ் நிற்கும். ரங்கலயிலிருந்தும் ஹுன்னஸ்கிரியவிலிருந்தும் தோட்டத்துச் சனம் இறங்குகிற இடம் அது. அப்பாவின் வியாபாரமே அந்த பஸ்தான்.

விக்டோரியா அணை வரப்போகிறது, ஊர் தண்ணீருக்குள் போகும் என்று ஆனபிறகு அளக்க வந்தார் அந்த உத்தியோகத்தர். எனக்குப் பத்து வயது. டேப்பின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். நீளம், அகலம், சுவர் என்ன, கூரை ஓடா தகரமா, தென்னை இரண்டு, பலா ஒன்று. பலாவை மட்டும் சுற்றி வந்து இரண்டு தடவை பார்த்தார். கிணறு மூன்று பேருக்கும் பொது என்பதால் யாருடைய தாளிலும் ஏறவில்லை.

"பஸ்ஸுக்கு எதிர்ல இருக்கே சார், அதுக்கு எவ்வளவு?" என்று அப்பா கேட்டார்.

அந்த மனிதர் நல்லவர். கொப்பியைத் திருப்பி அப்பாவிடமே காட்டினார். அப்படி ஒரு நிரல் அதில் இல்லை.

1985 ஏப்ரலில் அணையைத் திறந்தார்கள். பிரித்தானியக் காசு, 122 மீற்றர் உயரம், 210 மெகாவாட். நாங்கள் மேட்டில் கட்டிய புது டவுனுக்கு வந்துவிட்டோம். பலகைக் கதவுகளை அப்பா விடாமல் கொண்டுவந்தார். புதுக் கடைக்கு அவை அளவு சரிவரவில்லை. கொஞ்ச காலம் கோழிக்கூட்டுக்கு ஆகின.

அதனால்தானோ என்னவோ மின்கார் என்றதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. 2014, 15இல் நிசான் லீஃப், மிட்சுபிஷி ஐ-மீவ் என்று ஜப்பானில் ஓடிக் கழிந்த மின்கார்கள் குறைந்த வரியில் வரத் தொடங்கின. எல்லாரும் பெற்றோல் காசு மிச்சம் என்று வாங்கினார்கள். நானும் ஒரு லீஃப் எடுத்தேன், ஆனால் மச்சானிடம் வேறு நியாயம் சொன்னேன்: எங்கள் கடைக்கு மேலே நிற்கிற தண்ணீரில் கொஞ்சமாவது எனக்கு வயர் வழியாகத் திரும்பி வரட்டும். மச்சான் லீசிங் கொம்பனியில் இருந்தவன். "அது சரி மச்சான், இத மாத்தப் போறப்ப எவன் எடுப்பான்?" என்றான். எனக்கு அன்றைக்கு அது கேட்கவேண்டிய கேள்வியாகவே படவில்லை.

கனடாவில் இருக்கிற தம்பி மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் வந்தபோது அதே கேள்விக்குத்தான் விடை சொன்னான், டொலரில். ஸ்கார்பரோவில் வீடு. ஜெர்மன் மின்கார் ஒன்றை ஒன்றரை இலட்சம் கனேடிய டொலருக்கு மேலே கொடுத்து எடுத்திருந்தான். எந்தக் கொம்பனி என்று எழுதமாட்டேன், இதை அவனும் படிப்பான். 2022 செப்டெம்பரிலிருந்து அங்கே ஒரு இலட்சத்தைத் தாண்டிய காருக்கு ஆடம்பர வரி என்று ஒன்று வேறு. மூன்று வருடம் ஓட்டிவிட்டு மாற்றப் போயிருக்கிறான். டீலர் திருப்பிக் காட்டிய எண் பாதிக்கும் கீழே.

"பெரியப்பா, வெடிச்சிருந்தாக்கூட இன்சூரன்ஸ் இதவிடக் கூடக் குடுத்திருப்பான்."

அவன் மட்டும் இல்லை. போர்ஷே டைகான், மெர்சிடிஸ் ஈக்யூஎஸ், ஜாகுவார் ஐ-பேஸ் என்று அந்த வரிசையே பழைய கார்ச் சந்தையில் மளமளவென்று இறங்கியது உலகம் பார்த்த கதை. விலையுயர்ந்த காரில் பாதிப் பணம் புதுசு என்ற ஒன்றுக்காகக் கொடுப்பது. அதை இரண்டாவது ஆளுக்குக் கைமாற்ற முடியாது. அவ்வளவு பணம் உள்ளவன் புதிதையே வாங்குவான். பழையதை வாங்க வருகிறவனோ, பெட்டரி போனால் என்ன செய்வது என்று பயந்தே வருகிறான். பெற்றோல் பென்ஸில் எஞ்சின் பழசாவதற்கு இருபது வருடம் ஆகும். இதில் அடுத்த வருட மொடல் அரை மணியில் சார்ஜ் ஏறி நூறு கிலோமீற்றர் கூட ஓடினால், போன வருடத்தது அன்றைக்கே பழசு. கையிலிருக்கிற போன் மாதிரி. பிரித்தானியாவில் இன்னொரு கூத்து. அங்கே கொம்பனிக் காருக்கான வரி மின்கார் என்றால் 2 வீதமாக இருந்தது. ஆளாளுக்குக் கொம்பனி பெயரில் பெரிய கார் எடுத்தார்கள், மூன்று நாலு வருடத்தில் அவ்வளவும் ஒரே நேரத்தில் சந்தைக்குத் திரும்பின.

டெஸ்லாவின் இலோன் மஸ்க் 2019இல், எங்கள் காரை வாங்குவது விலை ஏறும் சொத்தை வாங்குவது என்றார். எங்கள் கணக்கு வாத்தியார் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். 2023 ஜனவரியில் அதே டெஸ்லா அமெரிக்காவில் புதுக் கார் விலையை வெட்டியது, சில மொடல்களுக்கு 20 வீதம் வரை. முதல் நாள் வாங்கியவன் நிலையை யோசித்துப் பாருங்கள். 2021இல் ஒரு இலட்சம் டெஸ்லா வாங்கப்போவதாக அறிவித்த ஹேர்ட்ஸ் வாடகைக் கார்க் கொம்பனி, 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்றுத் தள்ளப்போவதாகச் சொன்னது.

இதையெல்லாம் தம்பி மகனே சொன்னான். சொல்லிவிட்டு, "இங்க கார்னா எறங்கும்னு தெரியும் பெரியப்பா. லிஃப்ட்ல எறங்கும்னுதான் தெரியாது" என்று சிரித்தான். அவனுக்கு நட்டம் என் நட்டத்தைப் போல இருபது மடங்கு இருக்கும். சிரிப்பும் இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. 2022இல் நான் செய்த முட்டாள்தனத்தை அவனிடம் சொல்லவும் இல்லை.

2022. பெற்றோல் செட்டில் தொடங்கிய வரிசை வளைந்து வளைந்து எங்கோ போய் நிற்கும். சனம் காரிலேயே படுத்து எழும்பியது. ஜூலையில் கியூஆர் கோட் வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். நான் மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் டவுனைக் கடந்து போவேன். பெருமை இல்லை என்று சொன்னால் பொய். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது அந்தப் பெருமையும் கொஞ்சம் தொங்கிப்போனது. கரண்ட் வருகிற நேரத்துக்கு அலாரம் வைத்து, விடியற்காலை எழும்பிப் பிளக்கைச் சொருகினேன். அந்த நாட்களில் ஒரு புரோக்கர் வீடு தேடி வந்தான். கட்டத்தைப் பார்க்கவில்லை, கறுப்புச் சாமானும் கொண்டுவரவில்லை. "42 தாறேன் சார், இன்னைக்கே."

கொடுக்கவில்லை. 50 வரும் என்று நினைத்தேன். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார். பஸ் நிற்கிற இடம் மாறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மூச்சு முட்டிய ராத்திரியும் அந்த வருடம்தான். ஓட்டோக்காரனிடம் எண்ணெய் இல்லை. பேராதனை ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரில் கொண்டுபோனோம். சத்தமோ உதறலோ இல்லாததால் அம்மா பாதியில் தூங்கிவிட்டார். மனைவி பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். கட்டுகஸ்தோட்டையா கெட்டம்பேயா என்று நினைவில்லை, ஒரு பொலிஸ்காரர் நிறுத்திவிட்டு, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கையைக் காட்டினார். அதற்கும் பையனின் போனில் நிரல் இல்லை.

கட்டம் ஏன் விழுந்தது என்று 2023இல் தெரிந்தது. கண்டியில் ஒரு கராஜில் பெட்டரியை இறக்கிப் பார்த்தோம். காரின் வயிறு முழுக்கப் பரந்து கிடந்த தட்டையான பெட்டி. நாலு பேர் சேர்ந்துதான் இறக்கினார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளி நிறத்தில் 48 தகடுகள், ஒவ்வொன்றும் பாடசாலை இடாப்புப் புத்தகத்தின் பருமன். சில நெட்டுக்குத்தாக, சில படுக்கையாக, நெருக்கி அடுக்கியிருந்தன. பாஸ் ஒவ்வொன்றிலும் மீற்றரின் இரண்டு கம்பிகளை வைத்து எண்ணைச் சொல்லச் சொல்ல, சின்னப் பையன் ஒருவன் தகட்டின் மேலேயே மார்க்கரால் எழுதினான். இரண்டு மூன்று தகடு மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தன. மெதுவாக நடக்கிற பிள்ளைக்காக முழு வகுப்பும் நிற்கிற மாதிரி, அந்த இரண்டு மூன்றுக்காகத்தான் மற்றதெல்லாம் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்றார் பாஸ்.

"சார் ராத்திரி ஃபுல்லா ஏத்திட்டு, பகல்ல வெயில்ல விடுவீங்களா?"

விடுவேன். எட்டு வருடம் அதைத்தான் செய்தேன். நிறையச் சார்ஜ் ஏறிய லித்தியம் பெட்டரிக்குச் சூட்டைப் போல விரோதி இல்லை. பாடசாலை மைதானத்து ஓரம், உச்சி வெயில், நூறு வீதம். குறை யாரிடம் என்று அன்றைக்குப் புரிந்தது. தாழ்ந்த தகடுகளை மாற்றிப் போட்டார். கழற்றியவற்றை வேண்டுமா என்று கேட்டார். ஏதோ ஒரு ஞாபகத்தில் வேண்டும் என்றேன். பலகைக் கதவு ஞாபகமாக இருக்கலாம். இப்போது அவற்றில் ஒன்றிலிருந்துதான் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்கு ஒரு எல்ஈடி பல்ப் எரிகிறது.

14 இலட்சத்துக்குச் சரி சொல்லாமல் வந்துவிட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யோசிக்க ஒன்றுமில்லை. ஏழு கட்டத்தோடு கதிர்காமத்துக்குப் போக முடியாது. பன்னிரண்டு இருந்தபோதும் போனதில்லை. மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் போகும்போது பெட்டரி நிறையும், திரும்பி ஏறும்போது உயிரை வாங்கும். கண்டிக்குப் போய்வர மட்டும் போதும்.

வீட்டுக்குள் போகாமல் அப்படியே ஹுன்னஸ்கிரிய வரை ஓட்டினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அங்கே ஒரு பிளேன்டீ குடித்தோம். திரும்பி வருகையில் ஒரு திருப்பத்தில் நிறுத்தினேன். மழை பொய்த்த வருடங்களில் தண்ணீர் கீழே போய்ப் பழைய டவுன் வெளியே வரும். சுவர்களின் அடி, ரோட்டுத் துண்டு, சேறு காய்ந்து வெடித்த நிலம். சனம் போய் நின்று படம் எடுக்கும். அப்படி ஒரு முறை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கி, சேற்றில் நடந்து, நேராகக் கிணற்றடியில் போய் நின்றார். வாய்வரை வண்டல். அதைக் காலால் தட்டிப் பார்த்தார். இன்றைக்கு அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்து பளபளவென்று கிடந்தது.

"போவோமா?" என்றாள்.

இறக்கத்தில் அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். இன்னும் 31 கிலோமீற்றர் ஓடும் என்று காட்டிய கார், ஒரு வளைவு தாண்டி 33 என்றது. பிறகு 34. டவுன் தெரிகிற இடத்துக்கு வரும்போது 38.

அவள் குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தாள். "என்னாங்க, ஏறுதே. இந்த எடத்துக்குக் கூட்டியாந்து காட்டியிருக்கணும் அந்தப் பையன."