ஹக்கல வழியில் ஒரு பச்சைக் குடை

சென்ற சித்திரை விடுமுறையில் நாம் நுவரெலியாவிலிருந்து பதுளை வீதி வழியே ஹக்கலப் பூங்காவுக்குச் சென்றோம். 1861ஆம் ஆண்டிற் சிங்கோனாப் பயிரைச் சோதிக்கும் பொருட்டுத் தொடங்கப்பெற்ற இப்பூங்காவில் வருவோர் கண்கள் ரோசாச் செடிகளையே நாடும். எமது கண்களோ வாயிலுக்கு வெளியே, தெருவோர வாய்க்காலின் கல்மதிலிலேயே தங்கிவிட்டன.

வெயில் நேரே படாத நிழலில், ஓயாது நீர் கசியும் அவ்விடத்தில், பச்சைத் தோல் ஒட்டியதுபோல் ஒரு பூண்டு படர்ந்திருந்தது. வேரில்லை, பூவில்லை, மயிர்போன்ற இழைகளாற் கல்லைப் பற்றியிருந்தது. இதுவே மார்க்கன்சியா எனும் ஈரற்பூண்டு. மார்சான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1713இல் தம் தந்தையார் நினைவாக இட்ட பெயர் அது.

எம்முடன் வந்த பெரியப்பா நெடுநாள் ஈரல் நோயாளர். பெயரைக் கேட்டதும், “தம்பி, இதை அவித்துக் குடித்தால் என் வருத்தம் மாறுமோ?” என்றார். முன்னாளில் ஐரோப்பியரும் அவ்வாறே எண்ணினர்; ஈரலைப் போன்ற உருவுடையது ஈரலைக் குணமாக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. உருவ ஒற்றுமையன்றி வேறு ஆதாரமில்லை என்றோம். அவர் முகம் வாடிற்று. சொல்லாதிருந்திருக்கலாமோ என்று எமக்குந் தோன்றிற்று.

தேற்றுவதற்காகவே உருப்பெருக்குங் கண்ணாடியை அவர் கையிற் கொடுத்தோம். பூண்டின் மேற்பரப்பிற் சிறு கிண்ணங்கள். அவற்றினுள்ளே பச்சைத் துணுக்குகள். மழைத்துளி கிண்ணத்தில் வீழ்ந்ததும் அவை தெறித்து, அயலில் ஈரங்கண்ட இடத்தில் புதுச் செடியாகும். துணுக்கிற்கு மேலென்றுங் கீழென்றும் முதலில் இல்லை. வெளிச்சம் படும் பக்கமே மேற்பக்கமாகிவிடும். ஆணும் பெண்ணும் வெவ்வேறு செடிகள். விரித்த விரல்கள் போன்ற பெண்செடியின் குடையைக் கண்டதும் பெரியப்பா கண்ணாடியைத் திருப்பித்தர மறந்துவிட்டார்.

பூங்காவினுட் பறித்தலாகாது. ஆகவே வாய்க்கால் மதிலில் இரு துண்டுகளை மட்டும் ஈரத்தாளிற் சுற்றி எடுத்து வந்தோம். யாழ்ப்பாணத்து முற்றத்தில் வைத்த துண்டு நான்கு நாளிற் சுருண்டது. மற்றதைப் பெரியப்பா அகன்ற கண்ணாடிப் போத்தலில், நனைந்த செங்கற்றூளின்மேல் வைத்து, வாயைச் சிறிதே மூடி, வடக்குச் சாளரத்தருகே வைத்தார். எருவிடவில்லை, மழைநீர் தெளிப்பதோடு சரி. வைகாசி வெப்பத்தில் ஓரங்கள் கருகின. நடுவிலோ, நேற்று நாம் சென்றபோது, புதிய கிண்ணங்கள் மூன்று இருந்தன. மருந்தைக் குடித்துவிட்டு அவற்றை மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார் அவர்.