பூச்சி அப்பிய வண்டியும் புள்ளிக் கோலமும்

கார் துடைக்கிற சமாசாரத்துக்குப் பெண்கள் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். ஓட்டுகிறவர் யாராக இருந்தால் என்ன, விடியற்காலையில் வாளியும் துடைப்பமுமாக வாசலுக்கு வருகிறவள் கண்ணில்தானே வண்டி முதலில் படுகிறது? மழைக் காலத்தில் அது நிற்கிற கோலத்தைப் பார்த்தால், வாசலைத் தெளிப்பதா, வண்டியைத் தெளிப்பதா என்று ஒரு நிமிஷம் மலைத்துப் போகும்.

எங்கள் ஊர் கும்பகோணம். என் வீட்டுக்காரர் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். 2021-ல் என் நெக்லஸ் அடகுக் கடைக்குப் போய், மீதிக்குக் கடன் வாங்கி வாசலுக்கு வந்த வெள்ளை வண்டி அது. நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. விடிகாலை திங்களூரில் தொடங்கினால் ஒன்பதையும் முடித்துக்கொண்டு திரும்ப ராத்திரி ஆகிவிடும். சனிக்கிழமை திருநள்ளாறு என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த ராத்திரிப் பயணத்தில்தான் வினை. இரண்டு பக்கமும் சம்பா நெல். மழை விட்ட இரவில் வயலிலிருக்கிற பூச்சி பட்டாளமெல்லாம் வெளிச்சத்தைத் தேடிக் கிளம்பும். பச்சைத் தத்துப்பூச்சி, குருத்துப்பூச்சியின் அந்துகள், மழைக்கு மறுநாள் ஈசல், இன்னும் பெயர் தெரியாததெல்லாம். விவசாயிகள் விளக்குப் பொறி வைத்து இதுகளைப் பிடிப்பார்கள். எங்கள் வண்டியே நாற்பது மைலுக்கு ஓடுகிற விளக்குப் பொறி! பானெட்டின் முன் விளிம்பு, பம்பர், பக்கக் கண்ணாடியின் முதுகு, எல்லா இடத்திலும் மஞ்சளும் பச்சையுமாக அப்பிக் காய்ந்து கிடக்கும்.

"அப்புறம் கழுவிக்கலாம்" என்று விடக்கூடிய அழுக்கில்லை இது. தூசி, சேறு எல்லாம் மேலே உட்கார்ந்திருக்குமே தவிர, பெயிண்டை ஒன்றும் செய்யாது. பூச்சி அப்படியில்லை. என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள். அங்கே மே மாதமும் செப்டம்பர் மாதமும் லவ் பக் என்று ஒரு கறுப்புப் பூச்சி, ஆணும் பெண்ணுமாக ஒட்டிக்கொண்டே பறந்து வந்து கார்களில் மோதித் தொலைக்குமாம். "அத்தை, உங்க ஊர்ப் பூச்சியாவது தனித்தனியா வருது" என்று சிரிப்பாள். அந்தப் பூச்சியை நசுக்கிப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்றால் சுத்தத் தண்ணீர் மாதிரி. எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும். செத்த புதிதில் 6.5 இருந்தது, ஒரே நாளில் 4.25-க்கு இறங்கிவிடுகிறதாம். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை. பால் ஏறக்குறைய 6.6, தயிர் ஏறக்குறைய 4.5. ராத்திரி பாலாக இருந்தது காலையில் தயிராகிற கதைதான்! நம் ஊர்ப் பூச்சியும் கிடந்து அழுக அழுகப் புளித்துத்தான் போகும்.

அதற்கு மேல் வெயில் ஏறினால், சூட்டில் பெயிண்ட் இளகும், பூச்சியின் ஓடும் சாறும் காய்ந்து இறுகும். பிறகு என்ன துடைத்தாலும் பூச்சி போயிருக்கும், அதன் நிழல் மட்டும் மங்கலாக நிற்கும். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடித்திருக்கிறார்கள். பளபளப்பெல்லாம் அதில்தான். அதன் கனம் ஒரு தலைமுடி அளவுகூடக் கிடையாது. அதைத்தான் பூச்சியும் அரிக்கிறது, அவசரப்பட்டுத் தேய்க்கிற கையும் அரிக்கிறது.

எதிர் வீட்டுப் பையன் போன ஐப்பசியில் புது வண்டி வாங்கினான். கருநீலம், பார்க்க அவ்வளவு அழகு. வேளாங்கண்ணிக்குப் போய் வந்து, ஒட்டின பூச்சியெல்லாம் வரவில்லை என்று அவன் அம்மா பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்துக் கொண்டுபோய் ஒரு தேய் தேய்த்தான். பூச்சி பத்து நிமிஷத்தில் போய்விட்டது. வெயில் வந்ததும் பார்த்தால் பானெட் முழுக்க வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை. பட்டறைக்காரர் பாலீஷ் போட்டுப் பாதியை எடுத்தார். மீதி இன்றைக்கும் இருக்கிறது. அந்த அம்மாள் நான்-ஸ்டிக் தோசைக்கல்லை யாராவது அந்த நாரால் தொட்டால் வீட்டையே இரண்டாக்கிவிடுவார்!

என் மாமனார் கட்சி வேறு. அவர் காலத்தில் அம்பாசடர் ஓட்டினவர். "மண்ணெண்ணெயைத் தொட்டு ஒரு துடை துடைச்சா பறந்து போயிடும்மா, இதுக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்பார். மாமா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அந்த வண்டிகளில் ஒரே பெயிண்ட்தான், மேலே கிளியர் கோட் கிடையாது. மங்கினால் பாலீஷ் போட்டு மேல்படலத்தை எடுத்துப் பளபளப்பாக்கிக் கொள்ளலாம். ஆனால் மண்ணெண்ணெய் மெழுகைக் கரைத்துவிடும், பிசுக்கு வைத்துத் தூசியை இழுக்கும். அதோடு குழந்தை இருக்கிற வீட்டு வாசலில் அந்தப் பாட்டில் எதற்கு? பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே வேண்டாம், பெயிண்டுக்கே ஆபத்து.

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். அடிப்பிடித்த பால் பாத்திரத்தை நீங்கள் என்ன செய்வீர்கள்? ஊறப் போடுவீர்கள். அவ்வளவுதான் ரகசியம். விடிகாலை ஐந்தரை மணி, வெயில் கிடையாது, என்ஜின் ஆறிக் கிடக்கிறது. முதலில் பானெட்டின் மேல் நிறையத் தண்ணீர் விட்டுப் புழுதியைக் கழுவித் தள்ளிவிடுவேன். மண் துகள் மேலே இருக்கும்போது எந்தத் துணியும் உப்புத்தாள்தான். அப்புறம் அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பு ஒரு மூடி. இல்லாத அன்றைக்கு, அவசரத்துக்கு, தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட் ஒன்று. அதில் பழைய வேட்டித் துண்டுகளை நனைத்து, பிழியாமல், பூச்சி இருக்கிற இடமெல்லாம் போர்த்திவிடுவேன். ஜரிகைக் கரையை முன்பே வெட்டி எடுத்துவிட வேண்டும், அது கீறும். பம்பர் செங்குத்தாக நிற்பதால் துணி வழுக்கி விழுமே என்பீர்கள். ஈரத் துணி தானாக ஒட்டிக்கொள்ளும், மேல் ஓரத்தை மட்டும் கிரில்லின் இடுக்கில் கொஞ்சம் செருகினால் போதும்.

பிறகு வண்டியை மறந்துவிட்டு வாசலைத் தெளித்துக் கோலம் போடப் போய்விடுவேன். ஏழு புள்ளிக் கோலம் ஒன்று போட்டு முடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். பூச்சி ஊறவும் அதுதான் கணக்கு. நடுவில் ஒரு தடவை துணி காய்கிறதா என்று பார்த்துக் கையால் தண்ணீர் தெளிப்பேன், ஷாம்புத் தண்ணீர் பெயிண்டின் மேல் காயவே கூடாது. கோலம் முடிந்து துணியை எடுத்தால் பாதிப் பூச்சி துணியோடு வந்துவிடும். மீதியை மைக்ரோ ஃபைபர் துணியால், அழுத்தாமல், ஒரே திசையில் வழித்து எடுக்கலாம். துணியின் முகத்தை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே எடுத்த பூச்சி ஓட்டால் அங்கே கீறுவோம். வராத இடத்துக்கு இன்னொரு தடவை ஊறல், இன்னொரு தடவை அழுத்தம் இல்லை. நகம், பிளேடு, சமையல் சோடா குழைவு எதுவும் வேண்டாம். சோடா மாவு மாதிரிதான் தெரியும், ஆனாலும் தேய்த்தால் தேயும்.

எல்லாம் போனதும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, வேறு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அப்படியே காய விட்டால் வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். பூச்சிப் புள்ளிக்குப் பதில் உப்புப் புள்ளி!

"உனக்கு எதுக்குடி இந்த வேலை? அவர் கழுவிக்க மாட்டாரா?" என்று என் அக்கா கேட்டாள். கழுவுவார். ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுத்தவர், காலை எட்டு மணிச் சவாரிக்கு முன் வண்டி கழுவ ஆறு மணிக்கு எழுந்திருப்பார். லாட்ஜ் வாசலில் நாலு வண்டி வரிசையாக நிற்கும்போது, சவாரிக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது பானெட்டைத்தானே? அது அவருக்குத் தெரியும். அதனால் தூக்கத்தை விட்டுவிடுவார். எனக்கு அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம்தான் கவலை. கடன் தவணை, நெக்லஸ் எல்லாம் அதற்கு அப்புறம். கண் சொக்கி ஓட்டுகிறவரை நம்பி ஒரு குடும்பம் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும். முன் சீட்டில் என் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. எப்படியும் ஐந்தரைக்கு நான் எழுந்தாக வேண்டும், வாசலும் தெளித்தாக வேண்டும். கூட ஒரு வாளி, அவ்வளவுதானே?

அதே காரணத்துக்காகத்தான் முன் கண்ணாடி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ராத்திரியில் பூச்சி மோதினதும் வெறும் வைப்பரைப் போட்டால் நெய் தடவின மாதிரி இழுத்துவிடும். எதிரே வருகிற லாரியின் வெளிச்சம் அதில் பட்டால் கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை. பானெட்டுக்கு அடியில் வைப்பருக்கென்று இருக்கிற சின்னத் தொட்டியில் தண்ணீர் ரொப்புவது எங்கள் பெரியவன் வேலை, ஏழு வயசு, பெருமையாகச் செய்வான். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் எப்போதும் இருக்கும். டீக் கடையில் நிறுத்தும்போது முதலில் கண்ணாடி, அப்புறம்தான் டீ. ஹெட்லைட் மூடி இப்போதெல்லாம் கண்ணாடியில்லை, பிளாஸ்டிக். பானெட்டுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும், கீறல் விழுந்தால் வெளிச்சமே மங்கிவிடும். கிரில்லுக்குப் பின்னால் ஏ.சி.க்கான மெல்லிய தகடுகள் இருக்கின்றன. அங்கே மாட்டின பூச்சிக்கு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், தகடு மடங்கிவிடும்.

கைக்குழந்தைக்காரிகள் இதை மட்டும் தவறாமல் படியுங்கள். வயலிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற பூச்சிகளில் எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு சின்ன வண்டு உண்டு. அது கடிக்காது, கொட்டாது. ஆனால் நசுங்கினால் அதன் சாறு பட்ட தோல் ஒன்றிரண்டு நாளில் சிவந்து, எரிந்து, கோடாகக் கொப்புளம் போடும். செத்துக் காய்ந்த பிறகும் அந்த நஞ்சு போய்விடாது. அக்கி என்று நினைத்துக்கொண்டு காவி எழுதப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சாறு பட்டது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலோ, குழந்தைக்குக் கொப்புளம் வந்தாலோ டாக்டரிடம்தான். அதனால் வண்டிக்கு நான் ரப்பர் கையுறை போடாமல் கை வைப்பதில்லை. அந்தக் கையோடு முகத்தைத் தொடுவதோ, பிள்ளை அழுகிறான் என்று ஓடிப் போய்த் தூக்குவதோ கிடையாது. உள்ளே அவன் பாட்டி இருக்கிறார், இரண்டு நிமிஷம் அழட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரே வண்டிக்கு மெழுகு போடுகிறார். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரிதான் அது. பூச்சி வந்து ஒட்டினாலும் சுலபமாக விட்டுக்கொடுக்கும். எண்ணெய்தானே என்று நிஜமாகவே தேங்காயெண்ணெயைத் தடவிவிடாதீர்கள். ஃப்ளோரிடாவில் சிலர் குழந்தை எண்ணெய் தடவுகிறார்களாம், நம் ஊர்ப் புழுதிக்கு அது சரிப்படாது.

வண்டித் துணிகளைத் தனியாக அலசி, தனிக் கொடியில் போடுங்கள். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி எடுக்காதீர்கள், ஒரு மண் துகள் போதும். மைக்ரோ ஃபைபருக்குத் துணி மிருதுவாக்கும் திரவம் ஆகாது, அப்புறம் அது தண்ணீரையே உறிஞ்சாது. எங்கள் வீட்டில் வண்டித் துணிக்கு ஓரத்தில் சிவப்பு நூல் தையல் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், மாமியார் அதில் ஒன்றை எடுத்துப் பூஜை விளக்கைத் துடைத்துவிட்டு, "நல்ல துணிம்மா, எங்கே வாங்கினே?" என்று கேட்டார்.