பெட்டர் போதும், மோர் வேண்டாம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களில் சென்னையைப் பற்றி மூன்று விதமாக எழுதாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். "வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை." இது பாசிட்டிவ் டிகிரி. "சென்னை இஸ் பிக்கர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இந்தியா." இது கம்பேரடிவ் டிகிரி. "சென்னை இஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா." இது சூப்பர்லேடிவ் டிகிரி. ஆள் ஒன்றுதான், சட்டைதான் மூன்று. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டால் மார்க் நிச்சயம்.

அதே மாணவர் கல்லூரிக்கு வருகிறார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் குரூப் டிஸ்கஷன் வைக்கிறார்கள். பஸ்ஸா, ரயிலா, எது நல்லது என்று கேட்கிறார்கள். சொல்வதற்கு அவரிடம் நல்ல கருத்து இருக்கிறது. தைரியமாக ஆரம்பிக்கிறார்: "ட்ரெய்ன் இஸ் மோர் பெட்டர் தேன் பஸ்..." எதிர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் வாயைத் திறப்பதில்லை. பல பேர் அந்த வருஷம் முழுக்கவே திறப்பதில்லை.

தப்பு ஒரே ஒரு வார்த்தை. அதற்குக் கொடுக்கிற விலை ரொம்ப அதிகம். சிரிக்கிறவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. "மோர் பெட்டர்" என்பது முட்டாள்தனத்தால் வருகிற தப்பு இல்லை. தமிழை ஒழுங்காகப் பேசத் தெரிந்த ஒருவருக்கு இயல்பாக வருகிற தப்பு.

எப்படி என்று பார்க்கலாம். தமிழில் ஒப்பிடும்போது பண்புச்சொல் மாறுவதே கிடையாது. "இந்த வீடு பெரிசு." "அந்த வீட்டை விட இந்த வீடு பெரிசு." "ஊரிலேயே இந்த வீடுதான் பெரிசு." மூன்றிலும் பெரிசு பெரிசாகவேதான் இருக்கிறது. ஒப்பிடுகிற வேலையை எல்லாம் "விட" என்ற சொல் தலையில் சுமக்கிறது. விடு என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. அதை விட்டுப் பார்த்தால் இது பெரிசு, அவ்வளவுதான் கணக்கு. "காட்டிலும்", "பார்க்கிலும்" எல்லாம் இதே ஜாதிதான். பழைய தமிழில் ஐந்தாம் வேற்றுமை உருபான "இன்" இந்த வேலையைச் செய்தது. மலையின் உயர்ந்தது என்றால் மலையை விட உயர்ந்தது என்று பொருள். அப்போதும் பண்புச்சொல் மேல் யாரும் கை வைக்கவில்லை.

ஆங்கிலம் அப்படியில்லை. அங்கே பண்புச்சொல்லே உடம்பை வளைக்க வேண்டும். பிக் என்பது பிக்கர் ஆக வேண்டும், பிக்கஸ்ட் ஆக வேண்டும். அதனால் தமிழில் யோசிக்கிறவர் முதலில் "திஸ் இஸ் குட் தேன் தட்" என்கிறார். அது தப்பு என்று யாராவது சொன்னதும் "மோர் குட்" என்கிறார். அதுவும் தப்பு, "பெட்டர்" என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து "மோர் பெட்டர்" என்கிறார். இது ஜாக்கிரதையால் வந்த வினை :-)

இதை நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. பெட்டருக்குள்ளே ஏற்கெனவே மோர் கலந்திருக்கிறது. மேலே இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினால் நீர்த்துத்தான் போகும். அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் "மச் பெட்டர்" அல்லது "ஃபார் பெட்டர்" என்று சொல்லலாம். "வெரி பெட்டர்" கூடாது. தமிழில் "ரொம்ப நல்லது", "அதை விட ரொம்ப நல்லது" என்று இரண்டு இடத்துக்கும் ஒரே "ரொம்ப" போதும். ஆங்கிலத்தில் குட் என்பதற்கு வெரி, பெட்டர் என்பதற்கு மச். தனித்தனி.

எதற்கு "அர்" சேர்ப்பது, எதற்கு "மோர்" போடுவது? அசையை எண்ணினால் போதும். டால், ஷார்ட், சீப் மாதிரி ஓரசைச் சொற்களுக்கு அர், எஸ்ட். ஹேப்பி, ஈஸி மாதிரி "இ" சத்தத்தில் முடியும் ஈரசைச் சொற்களுக்கும் அதேதான்: ஹேப்பியர், ஈஸியஸ்ட். பியூட்டிஃபுல், எக்ஸ்பென்சிவ் மாதிரி மூன்று அசையும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு மோர், மோஸ்ட். நடுவில் கிளெவர், காமன் மாதிரி சில ஈரசைச் சொற்கள் இரண்டு பக்கமும் போகும். இந்த இரட்டை வழிக்கு வரலாறு உண்டு. அர், எஸ்ட் இரண்டும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, ஜெர்மானியக் குடும்பச் சொத்து. பிரெஞ்சு, லத்தீன் வழியாக நீளமான சொற்கள் நிறைய உள்ளே வந்த பிறகு மோர் போடுகிற வழக்கம் நன்றாக வேரூன்றியது.

மோர் பெட்டரைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு ஒரு செய்தி. ஷேக்ஸ்பியரே இந்தத் தப்பைச் செய்திருக்கிறார். 1599 வாக்கில் எழுதிய ஜூலியஸ் சீஸர் நாடகத்தில், பிணத்தின் முன் ஆன்டனி பேசும் புகழ்பெற்ற பேச்சில், புரூட்டஸின் குத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மோஸ்ட், எஸ்ட் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அது தப்பே இல்லை, அழுத்தம். பின்னால் இலக்கணக்காரர்கள் வந்தார்கள். 1762-இல் ராபர்ட் லௌத் எழுதிய சின்ன இலக்கண நூல் இந்த இரட்டை வழக்கைக் கண்டித்த நூல்களில் பிரபலமானது. லௌத் பிறகு லண்டன் பிஷப் ஆனார். ஆக, மோர் பெட்டர் என்கிற மாணவர் கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டார், அவ்வளவுதான். அதற்காக இன்டர்வியூவில் ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இன்றைய வழக்கு எதுவோ அதைப் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது "தேன்". இதற்கும் "தென்" என்பதற்கும் எழுத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், குழப்புகிறவர்கள் ஏராளம். இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், பின்னால்தான் எழுத்திலும் பிரிந்தன. ஒப்பிட்டால் தேன், "அதற்கு அப்புறம்" என்றால் தென். ஒப்பிட்டு ஜெயித்தவனுக்கு இனிக்கும், அதனால் தேன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஆனால் எல்லா இடத்திலும் தேனை ஊற்றக் கூடாது. "ஹீ இஸ் சீனியர் தேன் மீ" என்று ஆபீஸ்களில் தினமும் கேட்கலாம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் ஐந்தும் லத்தீனிலிருந்து வந்தவை. வரும்போதே கம்பேரடிவாகவே வந்தவை. சீனியர் என்றாலே லத்தீனில் "அதிக வயதான" என்று பொருள். அதனால் இவற்றுக்கு மோரும் கிடையாது, தேனும் கிடையாது. "சீனியர் டு மீ" என்பதுதான் சரி. ப்ரிஃபர் என்ற வினையும் அப்படியே. "ஐ ப்ரிஃபர் காபி டு டீ."

"ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடன்ட்" என்பது இன்னொரு பிரபலமான தப்பு. இங்கே தமிழைக் குற்றம் சொல்ல முடியாது. "சிறந்த மாணவர்களில் ஒருவர்" என்று தமிழ் அழகாகப் பன்மையில்தான் சொல்கிறது. தமிழில் யோசித்தாலே "ஸ்டூடன்ட்ஸ்" என்று சரியாக வந்துவிடும். தாய்மொழி எப்போதும் காலை வாரிவிடுவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் உருவத்தைப் பற்றி. ஒப்பீட்டில் இதை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. யாரை, எதோடு, எந்தக் கூட்டத்துக்குள் வைத்து ஒப்பிடுகிறார்கள் என்பதுதான் அது.

நீலகிரியில் இருக்கும் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தமிழ்நாட்டிலேயே அதுதான் உயர்ந்த சிகரம். இதை "தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு" என்று எழுதினால் தப்பு. தொட்டபெட்டாவும் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? அது தன்னை விடத் தானே உயரமாக இருக்க முடியாது. "எனி அதர் பீக்" என்று போட வேண்டும். "அதர்" என்பது சின்னச் சொல்தான், ஆனால் அது இல்லாவிட்டால் வாக்கியம் தன் தோள் மேல் தானே ஏறி நிற்கிறது. இதையே கேரளாவோடு ஒப்பிட்டால் "அதர்" வேண்டாம், ஆனால் வாக்கியம் பொய்யாகிவிடும். ஏனென்றால் கேரளாவில் இருக்கும் ஆனைமுடி 2,695 மீட்டர். 58 மீட்டர் கூடுதல். எல்லைக்கோடு எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்து முதலிடம் மாறிவிடுகிறது.

அடுத்த விஷயம், இனத்தோடு இனத்தை ஒப்பிடுவது. "தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை" என்று எழுதினால் ஒரு பக்கம் மக்கள்தொகை, இன்னொரு பக்கம் ஒரு ஊர். தராசில் ஒரு தட்டில் அரிசியும் மறு தட்டில் கடையும் வைத்த மாதிரி. "தேன் தட் ஆஃப் மதுரை" என்று சொன்னால்தான் இரண்டு தட்டிலும் அரிசி.

"ஷீ ட்ரஸ்ட்ஸ் யூ மோர் தேன் மீ" என்பதில் இன்னொரு சிக்கல். என்னை நம்புவதை விட உன்னை அதிகம் நம்புகிறாள் என்பதா, நான் உன்னை நம்புவதை விட அவள் அதிகம் நம்புகிறாள் என்பதா? தமிழிலும் "என்னை விட உன்னை அதிகம் நம்புகிறாள்" என்றால் இதே குழப்பம்தான். "தேன் ஐ டூ", "தேன் ஷீ ட்ரஸ்ட்ஸ் மீ" என்று இரண்டு சொல் கூடுதலாகப் போட்டால் ஒரு சண்டை மிச்சம்.

எண்ண முடிந்ததற்கு ஃபியூயர், எண்ண முடியாததற்கு லெஸ் என்பது இன்னொரு விதி. ஃபியூயர் புக்ஸ், லெஸ் வாட்டர். 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் விருப்பமாகச் சொன்னது, போகப்போகச் சட்டமாகிவிட்டது. பிரிட்டனில் டெஸ்கோ கடைகளின் விரைவு கவுன்டரில் "10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" என்று எழுதியிருந்தார்கள். இலக்கணப் பிரியர்கள் வருஷக்கணக்கில் முணுமுணுத்தார்கள். 2008-இல் "அப் டு 10 ஐட்டம்ஸ்" என்று மாற்றி, லெஸ், ஃபியூயர் இரண்டுக்குமே கும்பிடு போட்டுவிட்டார்கள்.

இந்த விதிகளைத் தெரிந்துகொண்டு விளம்பரங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். "50 சதவீதம் அதிக வெண்மை!" எதை விட? "இப்போது இன்னும் சிறந்தது!" எப்போது இருந்ததை விட? "தேன்" என்ற சொல்லையே விழுங்கிவிட்டு வெறும் கம்பேரடிவை மட்டும் நீட்டுகிறார்கள். வாங்குகிறவர் தனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார். இலக்கணம் தெரிந்தவர் பர்ஸை எடுப்பதற்கு முன்னால் "தேன் வாட்?" என்று கேட்பார். மார்க்குக்காகப் படித்த பாடம் காசை மிச்சப்படுத்துகிற இடம் இது.

விளம்பரத்தை விட மோசமான ஒப்பீடு வீட்டில் நடக்கிறது. "பக்கத்து வீட்டுப் பையன் உன்னை விட நல்லாப் படிக்கிறான்." இந்த வாக்கியத்தை இலக்கண வகுப்பில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரே கூட்டமா? ஒருவர் ஆங்கிலவழி, ஒருவர் தமிழ்வழி. ஒருவருக்கு எல்.கே.ஜி.யிலிருந்து டியூஷன், ஒருவர் சாயந்திரம் அப்பாவின் கடையில் உட்காருகிறார். இனத்தோடு இனம் வைத்ததா? ஒரு தட்டில் மார்க், மறு தட்டில் ஒரு முழு மனுஷன். "மோர் பெட்டர்" என்று சொன்ன மாணவரைப் பார்த்துச் சிரித்தவர்கள், இந்த வாக்கியத்தில் இருக்கிற தப்பைக் கண்டுபிடிப்பதே இல்லை. உருவத்தில் இது சரியான வாக்கியம்தான். ஒப்பீட்டில்தான் தப்பு.

ஒலிம்பிக்ஸின் குறிக்கோள் வாசகம் மூன்று லத்தீன் சொற்கள்: சிட்டியஸ், ஆல்டியஸ், ஃபார்டியஸ். ஆங்கிலத்தில் ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர். 1894-இல் கூபர்டின் முன்மொழிந்தார். மூன்றுமே கம்பேரடிவ். ஃபாஸ்டஸ்ட் என்றோ ஹையஸ்ட் என்றோ சொல்லவில்லை. தங்கம் ஒருவருக்குத்தான் கிடைக்கும், ஆனால் நேற்றை விட வேகமாக ஓடுவது எல்லோராலும் முடியும். 2021-இல் இதோடு "டுகெதர்" என்ற சொல்லையும் சேர்த்தார்கள். அதற்கு டிகிரியே கிடையாது.

ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். போன மாதம் பேசியதை விட இந்த மாதம் பெட்டர் என்றால் போதும். பெஸ்ட் ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. மோரும் வேண்டாம்.