‘தேன் எங்கே?’ என்று கேட்ட ஆசிரியருக்கு

அன்புள்ள சார்,

இதை உங்கள் முகவரிக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் புதுக்கோட்டைச் சீமையின் கிராமத்துப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்ற எத்தனையோ பேருக்கும் இந்த நன்றி சேர வேண்டும் என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

‘டிகிரிஸ் ஆஃப் கம்பேரிசன்’ மதிப்பெண் அள்ளித் தரும் பகுதி. ‘நோ அதர்’ வந்தால் இப்படி மாற்று, ‘வெரி ஃபியூ’ வந்தால் அப்படி மாற்று என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நீங்களோ முதலில் கரும்பலகையில் தமிழை எழுதினீர்கள்: ‘முருகனைவிடக் கண்ணன் உயரம்.’ இதில் ‘உயரம்’ கொஞ்சமும் மாறவில்லை, ஒப்பிடும் வேலை முழுவதும் முருகனோடு ஒட்டிய ‘விட’வின் தலையில்தான் என்று காட்டினீர்கள். தொல்காப்பியரும் ஒப்புமையை ஐந்தாம் வேற்றுமையில், பெயரோடு சேரும் உருபில்தான் வைத்தார் என்றீர்கள்.

ஆங்கிலத்தில் பண்புச் சொல்லும் மாறியாக வேண்டும். ‘டால்’ என்பது ‘டாலர்’ ஆகும். ‘ஹேப்பி’ என்பது ‘ஹேப்பியர்’ ஆகும். ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீளமான சொல்லுக்கு முன்னால் ‘மோர்’ வரும். ‘குட்’ மட்டும் அடையாளமே தெரியாமல் ‘பெட்டர்’ ஆகிவிடும். நம் பிள்ளைகள் ‘மோர் டாலர்’ என்று ஏன் எழுதுகிறார்கள் என்பதும் அப்போது விளங்கியது. ‘இன்னும் உயரம்’ என்று தனிச்சொல் சேர்த்தே பழகிய வாய்க்கு ‘அர்’ என்ற வால் மட்டும் போதவில்லை. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ எல்லாம் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவமாக இருந்தவை. அவற்றுக்குப் பின்னால் நம் ‘விட’வுக்கு ஈடான ‘தேன்’ (than) வராது, ‘டு’தான் வரும் என்று தனியாக எழுதிப் போட்டீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு நீங்கள் தூரம் போனதில்லை. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் 9ஆம் நூற்றாண்டுக் கோயில். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010இல். நம்முடையது ‘ஸ்மாலர்’, ஆனால் ‘ஓல்டர்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதச் சொன்னீர்கள். பிறகு நம் மாவட்டத்துக்கு வந்தீர்கள். திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து 1974இல் உருவானது புதுக்கோட்டை மாவட்டம். கரூர் மாவட்டம் வந்தது 1995இல். ‘புதுக்கோட்டை பழையதா, புதியதா?’ என்று கேட்டீர்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. ‘தஞ்சாவூரைவிடப் புதியது, கரூரைவிடப் பழையது. எதைவிட என்று சொல்லாதவரை இரண்டு கட்சியும் ஜெயிக்க முடியாது’ என்று முடித்துவைத்தீர்கள். அதற்குப் பிறகு யார் ‘பெட்டர்’, ‘பிக்கர்’ என்று பாதி வாக்கியத்தில் நிறுத்தினாலும் ‘தேன் எங்கே?’ என்பீர்கள். கடைசி பெஞ்சு தேனடையைத் தேடுவதுபோல மேலே பார்க்கும், நீங்களும் சிரித்துவிடுவீர்கள்.

இப்போது நான் அலுவலகத்தில் ஆங்கில அறிக்கைகளைச் சரிபார்க்கிறேன். ‘விற்பனை பெட்டர்’ என்று வரும். போன மாதத்தைவிடவா, போன வருடம் இதே மாதத்தைவிடவா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். தீபாவளி மாத விற்பனையை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கடையும் வளர்ந்ததாகத்தான் தெரியும். விளம்பரத்தில் ‘அதிக வெண்மை’ என்றாலும், மேடையில் ‘முன்னேறிவிட்டோம்’ என்றாலும் அதே கேள்விதான் முதலில் எழுகிறது.

பரீட்சைக்காகப் படித்ததில் பெரும்பகுதி மறந்துபோயிற்று. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது மட்டும் தினமும் சோறு போடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவன்